ஏரிமேட்டுக்குப் படம் எழுத வந்தவர்

அவர் கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. மீசை இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்ததாக ஞாபகம். அதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். பெயர் தெரியாது. ஊரில் எல்லோரும் படக்காரர் என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். அவர் எந்தக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார் என்பது மட்டும்தான் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது. இடது கண். கருவியில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதோ என்னவோ, மனிதர்களோடு பேசும்போதும், சோறு தின்னும்போதும், சும்மா மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போதும் அது மூடியேதான் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்யாணமாகி வந்த பெண்ணைப் பார்த்துக் கண்ணடிக்கிறானே, எவன் இவன் என்று கையில் விளக்குமாற்றோடு நின்றேன்.

அவர் அன்றைக்கு வழி கேட்டு வந்திருந்தார். தம்முடைய கூடாரத்துக்கே வழி கேட்டு வந்திருந்தார். கூடாரம் எங்கள் வாசலில் நின்றால் தெரியும். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. காக்கிக் கால்சட்டை முழங்கால் வரை சேறு, பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் மேற்கே கையைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அதற்குள் என் மாமியார் உள்ளே இருந்து வந்து, "அக்கட்ட போனா உளைச் சேத்துல மாட்டிக்குவீங்க சாமி, கெழக்க சுத்திப் போங்க" என்றார். அவர் நின்றார். இடது கண்ணை மூடிக்கொண்டு கிழக்கே பார்த்தார்.

"அப்படியும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே போனார்.

அந்த "அப்படியும் இருக்கும்" தான் அவர். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தக் குரல் மறக்காது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போகப்போகிறது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அடங்குவதற்குள் மூன்று கால் பலகையும் கொடியும் குடையுமாக ஒருவர் எங்கள் ஏரிக்குள் வந்து நின்றால் எப்படி இருக்கும்? சர்க்கார் நாடு முழுக்கப் படம் எழுதுகிறது, மலை எங்கே, ஆறு எங்கே, ரோடு எங்கே என்று பார்த்து வைப்பதற்காக, நிலத்துக்கும் தீர்வைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். யார் நம்புவது? காகிதத்தில் சர்க்கார் எழுதினால் அது நிலத்தைப் பற்றித்தான் இருக்கும் என்பது எங்கள் ஊரின் முடிவு.

எங்களுக்கு நிலத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலையில் இருந்து இறங்கி, சேந்தமங்கலம் பக்கம் வரும் ஓடைகள் எல்லாம் சேர்ந்து எங்கள் ஏரியின் தலைமாட்டுக்கு வரும். ஆறு என்று பெயர். ஆனால் அங்கே வரும்போது அது ஆறாக இருக்காது. கோரைக்குள் நாலாகப் பிரியும், ஒன்று உளைச்சேற்றில் மறையும், போன வருஷம் இல்லாத இன்னொன்று எங்கிருந்தோ கிளம்பும். அந்தச் சேற்றுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் எங்கள் வீடு. தண்ணீர் வற்ற வற்ற அதன் பின்னாலேயே போய்ச் சோளமும் தட்டைப்பயிறும் விதைப்போம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ச் சின்னக் குடிசையாகச் சாளை போட்டு இருப்போம். மண்சுவர் மட்டும் மேட்டிலேயே நிற்கும். தையில் தண்ணீர் இறங்கியதும் திரும்பி வந்து கூரையைப் போடுவோம். என் மாமனாரின் அப்பா காலத்தில் இருந்து அப்படித்தான்.

கரைக்கு அந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்கு வேறு கவலை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. அதனால் ஏரி நிரம்பி வழியும் கல்கட்டை, கலிங்கு என்போம், அதை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொல்லி ஊர் மணியகாரர் மனுப்போட்டிருந்தார். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? ஆனால் கலிங்கு உயர்ந்தால் எங்கள் மேடு அதோடு முழுகிப்போகும். பிறகு தையும் இல்லை, கூரையும் இல்லை. அதிகாரிகள் வந்தால் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள், படத்தில் மேடு மொட்டையாக இருந்தால் கல்லைத் தூக்கிவிடுவார்கள், வீடு இருந்தால் யோசிப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அந்தக் காகிதம்தான் உயிர்.

அந்தக் காகிதத்தை அவர் படுத்திய பாடு இருக்கிறதே! பலகையின் மேல் விரித்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். கூடமாட வேலைக்கு வந்த கலாசி ஒருவன் பின்னால் குடை பிடித்து நிற்பான். அந்த வழியாக ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வருவார்.

"ஏனுங்க, ஆறு இப்படியா போவுது?"

"இல்லீங்களா?"

"அது போன வருசத்து ஆறுங்க. இப்ப அந்தக் கோரைக்கு அக்கட்டால போவுது."

"அப்படியும் இருக்கும்." ரப்பரை எடுத்து அழிப்பார். புதுக்கோடு போடுவார். மீன் பிடிக்கிறவர் வந்து, ரெண்டும் இல்லை, மூன்றாவதுதான் ஆறு என்பார். மறுபடி ரப்பர். ஒரு நாள் சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். ஏரியின் தலைமாடு இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் தேய்ந்து பஞ்சு பஞ்சாக நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

இப்படித்தான் ஊருக்கு அவருடைய சூட்சுமம் பிடிபட்டது. படக்காரருக்குக் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் உண்மை. இது தெரிந்ததும் ஊரே அவர் பின்னால் அலைந்தது. எல்லோருக்கும் கடைசியில் பேச வேண்டும். ஒருவர் பேசி முடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நிற்பார். அடுத்தவர் பேசட்டும், பிறகு நாம் இன்னொரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று. அதற்கு அடுத்தவரும் அதே யோசனையோடு நிற்பார். புளியமரத்தடியில் பொழுது சாயும் வரை பேசாமல் நிற்கிற ஆண்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

என் மாமியார் வேறு வழி கண்டுபிடித்தார். "வாய்ல சோறு இருக்கறப்ப வேற எவனும் பேச வரமாட்டான் அம்மிணி" என்று சொல்லி, மத்தியானம் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கம்பஞ்சோறும் மோரும் போடுவார். போட்டுக்கொண்டே, இது எங்கள் வீடு, இதில்தான் நாங்கள் இருக்கிறோம், என் மகன் பிறந்ததும் இங்கேதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார். காகிதத்தில் எங்கள் மேட்டின் மேல் எள் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. கை ஈரமாக இருந்ததால் தொடவில்லை.

அப்படிச் சாப்பிடும்போது ஒரு நாள் அவராகவே ஒன்று சொன்னார். அவர் தெற்கத்தியர், எந்த ஊர் என்று சொன்னதாக நினைவில்லை.

"எங்க ஊரைப் படம் எழுதினவன் எங்க வீட்டை விட்டுட்டான்மா. கிணறு இருக்கு, தோப்பு இருக்கு. தோப்புக்கு நடுவுல எங்க வீடு இருந்த இடத்துல வெறும் காகிதம்."

"பொறவு என்ன பண்ணுனீங்க?" என்றேன்.

"பண்றதுக்கு என்ன இருக்கு? அங்கதான் இருந்தோம். ஆனா அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எங்க அப்பா வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு தடவை நின்னு பார்த்துட்டுத்தான் நுழைவார்."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஒரு கண் மூடியிருக்கிற முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது?

எங்கள் மேடு எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் தெரியும் என்பதால் அதன் உச்சியில் ஒரு கல்லை நட்டார். முழங்கால் உயரம் இருக்கும். தலையில் உளியால் ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் ஒரு குழி. பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். கல் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, இதை யாரும் அசைக்கக் கூடாது என்று சொன்னார்.

அடுத்த வாரமே மணியகாரர் ஜெயித்துவிட்டார். படக்காரர் கூடாரத்தைப் பிரிக்கிற நாளில், பலகையை மடக்கப்போகிற நேரத்தில் வந்தார். "மேட்டு மேல இருக்கறது நேத்துப் போட்ட சாளைங்க. அது ஏரிக்குள்ள சேர்ந்த எடம். அங்க ஊடுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க" என்றார். என் மாமியாரும், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், நானும் கரைக்கு ஓடி வருவதற்குள் ரப்பர் வேலையை முடித்துவிட்டது. என் கண் முன்னாலேயே அந்தப் பொட்டின் மேல் படிந்த தூளை அவர் ஊதினார். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு, "சாமி, எங்க ஊடுங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் கலாசி காகிதத்தைச் சுருட்டித் தகரக் குழலில் போட்டு மூடிவிட்டான். வண்டி போய்விட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகை என் அப்பன் செத்தபோதுகூட அழவில்லை. எள் அளவு பொட்டுக்கு.

கல் சாமியானது எப்போது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முதலில் அத்தை அதில் வெள்ளாட்டைக் கட்டினார். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. நான் பூசவில்லை. அத்தையும், தான் பூசவில்லை என்று விளக்கின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். மேய்ச்சல்காரர்கள் வேலையாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். ஆடி நோம்பிக்கு யாரோ தேங்காய் உடைத்தார்கள், யாரோ சிவப்புத் துணி சுற்றினார்கள். மணியகாரர் வீட்டம்மாவுக்குக் கண்வலி தீர்ந்தது என்று அந்தம்மாவே வந்து ஒரு வெண்கல மணியைக் கட்டிவிட்டுப் போனார். ஐப்பசி வருவதற்குள் நாங்களே ஆட்டை வேறு இடத்தில் கட்டத் தொடங்கிவிட்டோம். சர்வே கல் என்று தெரியும். தெரிந்தும் அதைத் தாண்டும்போது கை தானாகக் குவிந்தது. இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் அவர் மறுபடி வந்தார். தண்ணீர் நிற்கிற காலத்திலும் ஒரு தடவை பார்த்து வரச் சொல்லி மேலே இருந்து உத்தரவாம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் நின்று, "நான் எழுதின ஊர் எங்கே?" என்று கேட்டாராம். மேட்டுக்குப் போக வாழைமரத் தெப்பம் கட்டினார்கள். தெப்பம் நிறையப் பேரைத் தாங்காது என்று கலாசிகள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அவரும் மணியகாரரும் ஏறிக்கொள்ள, என் வீட்டுக்காரர் கோல் ஊன்றித் தள்ளி வந்தார். நானும் அத்தையும் விளக்கு வைக்க முன்னாடியே மேட்டுக்கு வந்திருந்தோம். எங்கள் வீடு கூரை இல்லாமல் நாலு சுவராக நின்றுகொண்டிருந்தது.

இறங்கியதும் அவர் கேட்டது வீட்டைப் பற்றி அல்ல.

"இங்க நான் ஒரு கல் நட்டேனே, எங்கேம்மா?"

அது சர்க்கார் கல். இப்படி ஆக்கி வைத்திருக்கிறோமே, ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று பயம். அத்தைதான் வாயைத் திறந்தார்.

"அதுங்களா சாமி? இந்த மழைல உளைக்குள்ள எறங்கிப் போச்சாட்ட இருக்குதுங்க."

"அப்போ இது?"

"இது எங்க சாமிங்க. எங்க மாமனாருக்கு முந்தியே இருக்குது."

"போன தடவை நான் பார்க்கலையே?"

"கோரை மூடிக் கெடந்துச்சுங்க."

அவர் மணியகாரரைப் பார்த்தார். மணியகாரருக்கு எல்லாம் தெரியும். கல் நட்ட அன்றைக்கு அவரும் வந்து பார்த்தவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது. வாயைத் திறந்தார். காற்றில் அவர் வீட்டம்மா கட்டிய மணி லேசாக ஆடிச் சத்தம் போட்டது. வாயை மூடிக்கொண்டு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

படக்காரர் கல்லருகே உட்கார்ந்தார். விபூதி எடுக்கிறவர் போலக் கையை நீட்டி, கட்டைவிரலால் கல்லின் தலையைத் தடவினார். மஞ்சளும் எண்ணெயும் அடையடையாகப் படிந்திருந்தது. அதற்கடியில் வட்டம் இருக்கிறது, குழி இருக்கிறது. விரல் நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அமுங்கியது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கண்களும் திறந்திருந்தன. இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது, வெயிலே படாத கண்.

"அப்படியும் இருக்கும்" என்றார். பிறகு, "சாமி பேர் என்னம்மா?"

அத்தை என் பக்கம் திரும்பினார். பெயரைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

"மேட்டுக் கருப்பனாருங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்று எனக்கே தெரியாது.

அவர் எழுதிக்கொண்டார். விரலில் ஒட்டியிருந்த மஞ்சளை நெற்றியில் இட்டுக்கொண்டு தெப்பத்துக்குப் போனார். சாமி விஷயத்தில் வாய் அடைபட்ட மணியகாரர் அங்கேதான் விட்டதைப் பிடித்தார். எங்கள் சுவர்களைக் காட்டி, "கோயில் இருந்துட்டுப் போவட்டுங்க. அது வெறும் குட்டிச்சுவருங்க. கூரைகூட இல்ல பாருங்க. ஊடுன்னு எழுதிப் போடாதீங்க" என்றார். படக்காரர் திரும்பிப் பார்த்தார். இடது கண் மூடிவிட்டது. தலையாட்டினார். நாங்கள் கல் தப்பித்த மயக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று உறைத்தபோது தெப்பம் பாதி ஏரிக்குப் போய்விட்டது. வழி முழுக்க மணியகாரர்தான் பேசினார், கூடாரம் வரை கூடவே போனார் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். மறுநாள் விடிகாலையில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வண்டியை முதலில் தவறான பக்கம் ஓட்டச் சொல்லி, பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார்களாம். அதற்குமேல் நான் அவரைப் பார்க்கவில்லை.

சில வருஷங்கள் கழித்துக் கலிங்கைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். அச்சடித்த படத்தைக் கரைமேல் ஒரு கட்டிலில் விரித்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். படத்தில் ஏரி முழுக்க நீலம். தலைமாட்டில் ஆறு ஒரே கோடாக இல்லை, அவரிடம் யார் யார் சொன்னார்களோ அத்தனை கோடும் மெல்லிசாக ஓடியது. நீலத்துக்கு நடுவில் ஒரு சின்ன அடையாளம்.

"அது என்னங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோயில்."

"அதுக்குப் பக்கத்துல? அந்தக் கறுப்புப் பொட்டு?"

அதிகாரி குனிந்து பார்த்தார். "வீடு" என்றார். பிறகு சிரித்தார். "ஏரிக்கு நடுவுல வீடா? எழுதினவன் சுயநினைவோடதான் இருந்தானா?"

மணியகாரர் குனிந்து அந்தப் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். கோயிலும் வீடும் படத்தில் இருக்கும்போது கலிங்கைத் தூக்க முடியாது, வேண்டுமானால் ஏரியைத் தூர் எடுக்கலாம் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். தூர் எடுத்தார்கள். கடைமடைக்கும் கொஞ்சம் தண்ணீர் போனது. நாங்கள் அந்தத் தையிலும் கூரையைப் போட்டோம்.

வீட்டில் அன்றிலிருந்து இதே பேச்சுதான். அழித்த பொட்டு எப்படித் திரும்பி வந்தது? கடைசியாகப் பேசியது மணியகாரர். அவர் கணக்குப்படி வீடு இருக்கக் கூடாது. எங்களில் யாரும் அன்றைக்கு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கருப்பனார் கையைப் புடிச்சு எழுத வெச்சுட்டாரு" என்பார் அத்தை. "அழிச்சதையே மறந்திருப்பாரு. தன் கூடாரமே தெரியாத மனுசனுக்கு இது ஞாபகம் இருக்குமா?" என்பார் என் வீட்டுக்காரர். அத்தை சொல்லும்போது அதுதான் சரி என்று தோன்றும். அவர் சொன்னால் அதுவும் சரி என்று தோன்றும். இரண்டு பேரில் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டு நான் அடுப்பு வேலையைப் பார்ப்பேன்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் இல்லை. கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பது நான்தான். தேய்க்கும்போது கட்டைவிரல் அந்தக் குழியில் போய் நிற்கும். மஞ்சள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தெரிகிறது. தெரியாமல் இருக்க முடியாது. பிறகு எழுந்து வீட்டுக்குப் போகிறேன். கதவருகே ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் நுழைகிறேன், ஏன் என்று தெரியாமலே. அவர் ஊர் எது என்று அன்றைக்கே கேட்டு வைத்திருக்கலாம். தோப்புக்கு நடுவில் இருந்த அந்த வீட்டை அதற்குப் பிறகாவது யாராவது எழுதினார்களா என்று தெரிந்துகொண்டிருக்கலாம்.